பயத்துக்கு உடையாத கண்ணாடி

கண்ணாடி மேல் வெட்டுக் கருவி ஓடும்போது எழுகிற சத்தம் உனக்கு நினைவிருக்கும். பல்லைக் கூச வைக்கும் ஒரு சீறல். பிறகு விரலால் ஒரு சின்னத் தட்டு. கண்ணாடி சத்தமில்லாமல் இரண்டாகிவிடும். நேற்று முன்தினம் கண்டியில், மார்க்கட்டுக்குப் பின்னால் உள்ள பிரேம் கடையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். வெட்டி மிஞ்சிய ஒரு விரல் அகலத் துண்டைக் கடைக்காரர் பெட்டிக்குள் எறிந்தார். "அதை எனக்குத் தாங்க" என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. கேட்பதற்கு நீ என்னோடு இல்லை.

பிரேம் போட்டது உன் படத்துக்குத்தான். நீ கையில் மைக்கோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாருக்கோ பதில் சொல்கிற படம். நம் குழு வருகிற சனிக்கிழமை கண்டியில் உனக்கு நினைவுக் கூட்டம் வைக்கிறது. நீ போய் ஒரு வருடமாகிறது. உன்னைப் பற்றிய குறிப்பை நான்தான் வாசிக்க வேண்டும் என்று செல்வம் அண்ணன் சொல்லிவிட்டார். குழுவை அன்றைக்குப் போலவே இன்றைக்கும் அவர்தான் நடத்துகிறார். குறிப்பையும் அவரே எழுதித் தந்திருக்கிறார். "கொட்டும் மழையில் மலையேறி, லயத்து மக்களுக்காக நோயுற்று, அவர்கள் மத்தியிலேயே உயிர் நீத்த சகோதரி" என்று அதில் ஒரு வசனம் வருகிறது. நோட்டீசிலும் அதே வசனம் அச்சாகிவிட்டது.

கடைக்காரர் படத்தைப் பழைய பத்திரிகையில் சுற்றித் தந்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு அந்த வசனத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, நீ கடைசியாக வந்தது எப்போது என்று எனக்குத் தெரியும். எதனால் போனாய் என்றும் தெரியும். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யோசித்துப் பார்த்தால் உன்னைத் தவிர வேறு ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் முதல் வாரம், விடுதிக்கான படிவம் நிரப்புகிற வரிசையில்தான் உன்னை முதலில் பார்த்தேன். பெற்றோரின் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. அப்பா அதற்கு முந்திய வருடம் இறந்திருந்தார். தேயிலைத் தோட்டத் தொழிலாளி என்று அம்மாவின் தொழிலை எழுதிவிட்டு, பக்கத்தில் நிற்பவர்கள் பார்க்காமலிருக்க இடது கையை அதன் மேல் வைத்திருந்தேன். நீ எட்டிப் பார்த்தாய். வெட்கமேயில்லாமல் என் கையைத் தூக்கிவிட்டுப் பார்த்தாய்.

"கொழுந்து பறிக்கிறாங்களா? என்ட வாப்பா அலவத்துகொடயில டயர் ஒட்டுற. கை எந்நாளும் கறுப்பு. உன்ட உம்மாட கையும் அப்பிடித்தானே?"

ஆமாம் என்றேன். கொழுந்துக் கறை அம்மாவின் விரல் இடுக்குகளில் கழுவக் கழுவப் போகாது. அதுவரை அதைப் பற்றி யாரும் என்னிடம் அவ்வளவு சாதாரணமாகக் கேட்டதில்லை. அன்றைக்கே நீ என்னைப் "புள்ள" என்று கூப்பிட ஆரம்பித்தாய். கடைசிவரை என் பெயரை நீ சொல்லி நான் கேட்டதேயில்லை.

நான் வகுப்பில் வாய் திறக்காதவள். நீ வாய் மூடாதவள். எனக்குத் தோன்றுகிற கேள்வியை நான் உன் காதில் சொல்வேன். நீ எழுந்து உன் கேள்வி போலக் கேட்பாய். விரிவுரையாளர் பாராட்டினால் திரும்பிக் கண்ணைச் சிமிட்டுவாய். மூன்றாம் வருடத்தில் குழுவில் சேர்ந்தபோதும் அப்படித்தான். லயங்களில் இருக்கிறவர்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் வீடு வேண்டும் என்பது குழுவின் கோரிக்கை. அந்த லயங்களில் ஒன்றில் பிறந்தவள் நான். பேசியவள் நீ. எங்கள் வீட்டுக்கு முதன்முதல் வந்த நாளில், வத்தேகமயில் பஸ்ஸை விட்டு இறங்கி அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்க நடந்து, லயத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாய். "இதுக்குள்ள ஈந்துட்டா நீ இவ்வளவு நல்லாப் படிச்ச?" என்றாய். இருந்து என்பது உன் வாயில் எப்போதும் ஈந்துதான். உன் கண் நிறைந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. இரண்டையும் உன்னிடம் சொல்லவில்லை.

அதன் பிறகு நடந்த முதல் கூட்டத்தில்தான் ஒரு மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு வந்தது.

கண்டியில் ஒரு மண்டபம். முன் வரிசையில் நான். நீ மேடையில் நின்று, "இந்தப் புள்ள குப்பி விளக்குல படிச்சு பல்கலைக்கழகம் வந்தவள்" என்று என்னைக் கைகாட்டினாய். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பின்னால் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினார். நானும் தட்டினேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. வெளியே வந்து, மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் கேட்டேன்.

"எங்க வீட்டுல கரண்டு இருக்கே. நீ டீவி பாத்தியே, அம்மாவோட ஒக்காந்து."

"தெரியும் புள்ள. டீவி பாத்து படிச்சவள் எண்டு சொன்னா யாரு அழுவா?"

"அழணுமா?"

"அழுதாத்தான் கையெழுத்து வைப்பாங்க. உண்மை மெதுவாத்தான் ஏறி வரும். அதுக்குள்ள மழை வந்துரும். வெளங்குதா?"

நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அன்றைக்கு நானூறு கையெழுத்தாவது வந்திருக்கும் என்று செல்வம் அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதை யாரும் எண்ணவில்லை.

அம்மாவின் காதுக்கு வேறொன்று எட்டியது. கூட்டத்துக்குப் போன எங்கள் லயத்து ஆட்கள் வந்து சொல்லியிருக்கிறார்கள். அந்த ஞாயிறு நான் வீட்டுக்குப் போனபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்டுல லைட்டு இல்லன்னு எவ சொன்னா?"

"அது... கூட்டத்துல சும்மா சொன்னதும்மா."

"சும்மாவா? ஒங்கப்பா அந்தக் கரண்டுக்கு எத்தன தடவ ஆபீஸு வாசல்ல போய் நின்னாருன்னு தெரியுமா? லயத்துல மொத மொத லைட்டு எரிஞ்சது நம்ம காம்பராவுல. கோயிலுக்குப் போறவுங்க நின்னு பாத்துட்டுப் போனாங்க. அத இல்லன்னுட்டு வந்துட்டாளா அந்தப் புள்ள?"

நான் இதை உன்னிடம் சொன்னேன். நீ நாக்கைக் கடித்துக்கொண்டாய். அடுத்த முறை அம்மாவுக்கு ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு வாங்கி வந்து, "உம்மா, நான் உங்கட வீட்டு லைட்ட நூத்துட்டேன், மன்னிச்சிருங்க" என்றாய். அம்மா சிரித்துவிட்டார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அடுத்த கூட்டத்திலும் குப்பி விளக்கு எரிந்தது. இந்த முறை அது என்னுடையது இல்லை, பெயர் சொல்லாத வேறொரு பிள்ளையுடையது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கண்ணாடி வந்தது அதற்குப் பிறகு.

பட்டம் முடிந்து வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்த காலம். பெரிய மழை ஒன்றுக்குப் பிறகு எங்கள் லயத்தின் பின் சுவர்களில் வெடிப்பு தெரிந்தது. குழு எழுதிய கடிதங்களுக்கு ஒருவழியாகப் பதில் வந்து, மண்சரிவு பற்றி ஆராய்கிற அதிகாரி ஒருவர் வந்தார். அமைதியான மனிதர். சிங்களத்தில் மெதுவாக, எனக்கும் புரிகிற மாதிரிப் பேசினார். வெடிப்பு பழையதா, புதியதா, வளர்கிறதா என்று ஒரு நாளில் சொல்ல முடியாது என்றார். வெடிப்பின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையிலும் சீமெந்து பூசி ஒட்டச் சொன்னார். கண்ணாடி வளையாது. சுவர் ஒரு மயிரளவு விலகினாலும் உடைந்துவிடும். வாரம் ஒரு முறை பார்த்து எழுதுங்கள், மூன்று மாதத்தில் வருகிறேன், எந்தச் சுவர் அசைகிறதோ அந்த வீட்டுக்காரர்களை முதல் பட்டியலில் போடலாம் என்றார்.

வத்தேகம பிரேம் கடையில் போய் நீதான் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டாய். "என்னத்துக்கு மகள்?" என்று கேட்ட கடைக்காரரிடம், "மலைக்கு நாடி பாக்க" என்றாய். அவர் பயந்துபோய் ஒரு பெட்டி நிறையத் தந்தார். பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு கண்ணாடி. சீமெந்து பிசைந்தது நான். ஒட்டியது நீ. ஈரச் சீமெந்தில் ஒரு குச்சியால் திகதியை எழுதியதும் நீ. குறிப்புக் கொப்பி என் பொறுப்பு. ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயப் பூசை முடிந்து வந்து, வீடு வீடாகப் பின்பக்கம் போய்ப் பார்த்து எழுதுவேன்.

அந்தக் கண்ணாடிகள் சில வாரங்களில் லயத்து ஆட்களைப் போலவே ஆகிவிட்டன. மழை பெய்தால் பெண்கள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் போய்க் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வருவார்கள். "என்னாடி, இருக்கா?" "இருக்கு இருக்கு." அம்மா அந்தி மங்கினதும் ஒரு முறை கண்ணாடியைத் தடவிப் பார்ப்பார். அது முழுசாக இருந்தால் சோற்றை நிம்மதியாகச் சாப்பிடுவார். கடைக்கோடியில் சவரியம்மா அக்காவின் வீடு, அதற்கு அடுத்த வீடு, இரண்டிலும் இரண்டாம் மாதத்தில் கண்ணாடி உடைந்தது. ஒரே கோடாக, வெடிப்புப் போகிற திசையிலேயே. இரண்டு பாதிக்கும் நடுவில் நகம் நுழைகிற இடைவெளி. நான் எழுதினேன். மற்றப் பத்தும் அப்படியே இருந்தன.

கொப்பியை நீ பார்த்தாய். "ரெண்டு மட்டுமா?" என்றாய். உன் குரலில் இருந்த ஏமாற்றம் எனக்கு விளங்கவில்லை. சுவர் அசையவில்லை என்றால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

அதிகாரி வரவிருந்தது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமை நான் கண்டியில் ஒரு நேர்முகப் பரீட்சைக்குப் போயிருந்தேன். மாலை வீட்டுக்கு வந்தபோது அம்மா சொன்னார், "ஒன் கூட்டாளி மத்தியானம் வந்துச்சு. கண்ணாடியெல்லாம் பாக்கணும்னுச்சு. அது பாத்துருச்சேன்னு நான் இன்னிக்கு பாக்கல. தண்ணி குடுத்தேன், நோன்பாம், குடிக்கல. நாக்கு வறண்டு கெடந்துச்சு பாவம். அந்த வெயில்ல ஏறி வந்திருக்கு."

ஞாயிறு பூசை முடிந்து கொப்பியோடு போனேன். மிஞ்சியிருந்த பத்தில் ஒன்பது கண்ணாடி உடைந்திருந்தது. நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து நாலா பக்கமும் கீறல், பிள்ளைகள் வரைகிற நட்சத்திரம் மாதிரி. எதுவும் விலகியிருக்கவில்லை. பத்தாவது கண்ணாடி மட்டும் முழுசாக இருந்தது. அது நாய் வளர்க்கிற வீடு. அந்த நாய்க்கு நம் கோரிக்கை தெரியாது.

அம்மா அதற்குள் பார்த்துவிட்டார். எனக்கு முன்னாலேயே பூசையிலிருந்து வந்தவர், பிறப்புப் பத்திரங்களையும் ஞானஸ்நானப் பத்திரங்களையும் அப்பாவின் படத்தையும் ஒரு பையில் கட்டிக் கதவில் மாட்டிக்கொண்டிருந்தார். "முந்தாநேத்து இருந்துச்சுடி. முந்தாநேத்து அந்திக்குப் பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. திடீர்னு ஒடஞ்சிருச்சுன்னா மண்ணு எறங்குதுன்னுதானே அர்த்தம்?" என்றார். நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். உன்னைக் கேட்காமல் எப்படிச் சொல்வது என்று பேசாமலிருந்தேன். உனக்குப் போன் எடுக்கவும் துணியவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று நாள் முழுக்க மனதுக்குள் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இரவு அம்மா தூங்கவில்லை.

திங்கள் காலை உன்னை ஏற்றத்தின் பாதி வழியில் போய் மறித்தேன்.

"நீதான் ஒடைச்சியா?"

"ஆள் வார நேரத்துலயா இதக் கேக்குற?"

"சொல்லு."

"ஓ, நான்தான். சாவிக் கொத்தால. உன்ட உம்மாட கண்ணாடியத்தான் முதல்ல உடைச்ச."

"ஏன்?"

"ஏனா? போன மழைக்கு உன்ட உம்மா எழும்பி ஓட எண்டு செருப்ப தலமாட்டுல வெச்சிட்டுப் படுத்தாங்க எண்டு யாரு சொன்ன? நீதானே? அது பொய்யா?"

"பொய்யில்ல."

"அப்ப அதக் காட்ட எந்தக் கண்ணாடி ஈக்கி? பயத்துக்கு உடையிற கண்ணாடி ஒண்டு ஈந்தா கொண்டு வா, அத ஒட்டுவம். அது இல்லாததுனாலதான் நான் உடைச்ச. அடுத்த வருசம் உடையப் போறத இந்த வருசம் உடைச்ச. அதுல என்ன பெரிய வித்தியாசம்?"

எனக்கு உன்னைப் போலப் பேச வராது. அன்றைக்கு எப்படியோ வந்தது. "அந்தக் கண்ணாடிய பாத்துட்டுத்தான் அம்மா சாப்புடுவாங்க. அது அந்த ஆபீசருக்கு மட்டும் ஒட்டினது இல்ல. நேத்துலருந்து பைய கட்டி கதவுல மாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. மண்ணு எறங்குதுன்னு நெனச்சுக்கிட்டு."

உன் முகம் மாறியதைப் பார்த்தேன். அதை நீ யோசித்திருக்கவில்லை. பன்னிரண்டு வீட்டைப் பற்றியும் நீ யோசித்திருந்தாய். ஒரு அம்மா பயந்து உட்கார்ந்திருப்பது உன் கணக்கில் வரவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தாய். அதற்குள் கீழே ஜீப் வந்துவிட்டது.

அதிகாரி மூன்றாவது கண்ணாடியிலேயே நின்றுவிட்டார். விரலால் நட்சத்திரத்தைத் தடவினார். இது இழுபட்டு உடைந்ததில்லை, தட்டி உடைந்தது என்றார். என்னைத் தங்கை என்று கூப்பிட்டு, "நங்கி, கொப்பி உங்களுடையதுதானே, நேற்றைக்கு முந்திய ஞாயிறு என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். நீ எனக்கு எதிரே நின்றாய். உன் பின்னால் அம்மா, கையில் அந்தப் பையோடு.

அந்த ஞாயிறு பத்தும் முழுசாக இருந்தன என்றேன். கோடி வீடுகள் இரண்டும் மட்டும் ஒரு மாதத்துக்கு முன்பே தானாக உடைந்தவை, தயவுசெய்து அதை வேறாகப் பாருங்கள் என்றேன். சிங்களத்தில் அவ்வளவு நீளமாக நான் பேசியது அதுதான் முதல் முறை. மற்றவற்றை யார் உடைத்தது என்று கேட்டார். தெரியாது என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். நானும் அன்றைக்கு ஒரு பொய் சொன்னவள்தான். அதை மறைத்து இந்தக் கடிதத்தை எழுத முடியாது.

அவர் கோடி வீடுகளுக்குப் போய் நெடுநேரம் பார்த்தார். அந்த இரண்டு குடும்பத்தையும் பட்டியலில் போட்டார். மற்றச் சுவர்களுக்குப் புதுக் கண்ணாடி ஒட்டி முதலிலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜீப் திரும்பியதும் நீ நேராக அம்மாவிடம் போனாய். எல்லோர் முன்னாலும் இல்லை, வீட்டு முன்கூடமான இஸ்தோப்புக்குள் கூட்டிப் போய். "உம்மா, அத நான்தான் தட்டி உடைச்ச. செவர் அசையல்ல. பயப்படாதீங்க." அம்மா பையைக் கீழே வைத்தார். பிறகு, "அடிப் பாவி, ராவெல்லாம் கண்ண மூடலடி நான்" என்று உன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அடித்த கையாலேயே, நீ நோன்பு திறக்கும்போது சாப்பிட மரவள்ளிக் கிழங்கை அவித்து வாழையிலையில் கட்டித் தந்தார்.

இறக்கத்தில் நடக்கும்போது நீ சொன்னாய், "உன்ட உம்மாக்கு பொய் சொல்ல எனக்கு ஏலா. அந்தாளுக்கு சொல்லலாம். அது வேற." கொஞ்ச தூரம் போய், "நீ மட்டும் பேசாம ஈந்திருந்தா ஒம்பது வீடும் பட்டியல்ல வந்தீக்கும்" என்றாய். கிழங்குப் பொட்டலம் உன் கையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நீ சொன்ன மாதிரி வந்திருக்கலாம். அவர் கண்டுபிடிக்காமல் விட்டிருக்கலாம். இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த குழுக் கூட்டத்தில், ஒரு போராட்டத்தை நான் காட்டிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். சொந்த அம்மாவின் வீட்டையே விட்டுக் கொடுத்தவள் என்றார் ஒருவர். நீ பேசுவாய் என்று பார்த்தேன். எனக்காக எத்தனை வகுப்பில் எழுந்து நின்றவள் நீ. அன்றைக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதன் பிறகு நான் போகவில்லை. எனக்குப் பிரதேச செயலகத்தில் வேலை கிடைத்தது. நீயும் மலைக்கு வருவதை விட்டுவிட்டாய்.

ஆனாலும் பெரிய மழை பெய்கிற நாட்களில் உன்னிடமிருந்து ஒரு செய்தி வரும். வேறொன்றும் இருக்காது. "உம்மாட செவர் எப்பிடி?" நான் அம்மாவிடம் கேட்டு, "அசையல்ல" என்று அனுப்புவேன். உன் சொல்லையே உனக்குத் திருப்பி அனுப்புவதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். அவ்வளவுதான் நம் பேச்சு. கடைசியாகப் பெய்த பெரிய மழைக்கு உன் செய்தி வரவில்லை. நான் கோபித்துக்கொண்டேன். இதைக்கூட மறந்துவிட்டாளா என்று, நானாக ஒரு சொல் அனுப்பாமல், இரண்டு நாள் போனைப் பார்த்துப் பார்த்துக் கோபித்துக்கொண்டேன். நீ அப்போது டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருந்தாய். அசையவில்லை என்று நீ கேட்காமலே நான் சொல்லியிருக்கலாம்.

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். படத்தைக் கூட்டத்தில் வைப்பதற்கு முன் உன் உம்மாவிடம் கேட்க வேண்டும் என்று, குழுவில் யாருக்கும் தோன்றாத ஒன்று, எனக்குத் தோன்றியது. உம்மா படத்தை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "படம் வெச்சு மாலை போடுறதெல்லாம் எங்கட்ட இல்ல மகள். துஆ கேட்டாப் போதும்" என்று சொல்லி அதை அலுமாரிக்குள் உன் உடுப்புகளுக்கு மேல் வைத்தார். பிறகு நோட்டீசைக் கேட்டார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"இது யாரு?"

"உம்மா..."

"எண்ட மகள் மலைக்குப் போயே மிச்சம் நாள். காச்சல் வந்தது எங்கட வளவுல. வாப்பாட பழைய டயர்ல தண்ணி நிண்டு, அதுல நுளம்பு. அடுத்த நாளே எல்லா டயரையும் அள்ளிக் கொண்டு போட்டாரு. இப்பவும் மழை பேஞ்சா டோர்ச் எடுத்துட்டு வளவெல்லாம் தேடுறாரு. பப்பாசி இலை இடிச்சு நான் கொடுத்த. கசக்குது உம்மா எண்டு சொன்ன. எண்ட கையப் புடிச்சிட்டுத்தான் மவுத்தான. மலையில எண்டு எழுதினா நான் எங்க ஈந்த மகள்? அந்த நேரத்த எனக்கிட்ட இருந்து எடுக்காதீங்க."

நான் அழுதுவிட்டேன். உம்மா எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

அங்கிருந்து பஸ் ஏற முன்பே செல்வம் அண்ணனுக்குப் போன் எடுத்தேன். உனக்கு ஆச்சரியமாக இருக்கும். நானாக எடுத்தேன்.

"தங்கச்சி, அது ஒரு வசனந்தானே" என்றார். "ஆஸ்பத்திரியில காய்ச்சல்ல போனாங்கன்னு சொன்னா கூட்டத்துல என்னா உணர்ச்சி வரும்? இன்னும் பத்து வீடு கெடக்குல்ல."

"அந்தப் பத்துல ஒண்ணு எங்கம்மா வீடு அண்ணன். எனக்குத் தெரியும். ஆனா அந்த வசனத்த நான் வாசிக்க மாட்டேன்."

"அவ இருந்தா அவளே இப்படித்தான் எழுதியிருப்பா."

அவர் சொன்னது சரி. நீ அப்படித்தான் எழுதியிருப்பாய், அவரைவிட நன்றாகவும் எழுதியிருப்பாய், மண்டபமே அழுதிருக்கும். ஆனால் எழுதிய கையோடு உன் உம்மாவிடம் ஓடிப் போய், "அது சும்மா எழுதின உம்மா" என்று காதில் சொல்லியிருப்பாய். இப்போது அதைச் சொல்ல நீ இல்லை. யாரும் ஓடிப் போகாத வீட்டில் அந்தப் பொய் அப்படியே கிடக்கும்.

"குறிப்ப நானே எழுதிக்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

எழுதிவிட்டேன். ஒரு பக்கம்தான். அலவத்துகொடயில் டயர் ஒட்டுகிறவரின் மகள் என்று தொடங்குகிறது. என் படிவத்திலிருந்து கையைத் தூக்கிவிட்டவள் என்று இருக்கிறது. நோன்போடு மலையேறி ஒன்பது கண்ணாடியை உடைத்தவள், உடைத்ததை என் அம்மாவிடம் தானே போய்ச் சொன்னவள் என்று இருக்கிறது. அவள் கண்ணாடியை உடைத்த சுவர்கள் இன்னும் அசையவில்லை, அங்கே இருப்பவர்களின் பயமும் இன்னும் போகவில்லை, வீடு அவர்களுக்கு அதனால் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். கடைசியில் டெங்கு என்று இருக்கிறது. உம்மாவின் கை என்று இருக்கிறது. இதைக் கேட்டு எத்தனை பேர் கையெழுத்து வைப்பார்கள் என்று தெரியாது. நீ வாங்கித் தந்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

மேடை என்றால் எனக்கு இப்போதும் பயம்தான். ஆனால் நான் தடுமாறுவது அதனால் இல்லை. அறையில் தனியாக வாசித்துப் பார்த்தபோது, கண்ணாடி உடைத்த இடம் வந்ததும் என் குரல் தானாக நின்றுவிட்டது. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. இத்தனை வருடப் பழக்கம். நான் ஏதாவது சொன்னால், பாதியில் நீ குறுக்கே விழுவாய். "அப்பிடியில்ல புள்ள, நான் சொல்லுற கேளு" என்பாய். அதற்கு இடம் விட்டே பேசிப் பழகிவிட்டேன். அலுவலகத்தில்கூட என் பேச்சில் அந்த இடைவெளி இருக்கிறதாம். ஏன் மிஸ் பாதியில் நிறுத்துகிறீர்கள் என்று கேட்கிறார்கள்.

சனிக்கிழமையும் அந்த இடத்தில் நிற்பேன். பின் வரிசையிலிருந்து நீ எழுந்து, கையை நீட்டி, எல்லோர் முன்னாலும் என்னோடு சண்டைக்கு வர எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம். பிறகு மிச்சத்தை வாசிப்பேன்.